சாலைக்கு இந்தப்புறம் பஸ்! அந்தப்புறம் ரெயில்!

வெள்ளக்கடையில் இருந்து சென்னைக்குப் போக வேண்டும். எவ்வளவு தூரம்?

370 கிலோ மீட்டருக்கு மேல் என்று சொல்லிவிடலாம். ஆனால் பிரயாணத்தின் கஷ்டம் கிலோ மீட்டரில் இல்லை. எத்தனை இடத்தில் இறங்கி ஏற வேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

300 கிலோ மீட்டரை ஒருவர் தூங்கிக்கொண்டே கடந்துவிடலாம். கடைசி ஒரு கிலோ மீட்டரில்தான் தூக்கம் கலைகிறது. மூட்டையைத் தலையிலும், குழந்தையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி ஒரு கிலோ மீட்டரைப் பற்றியது. சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய பஸ் நிலையம். சாலைக்கு எதிர்ப்புறம் ரெயில் பாதை. அந்தப் பாதையில் ஒரு சிறிய ரெயில் நிலையம் வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

"சென்னைக்குப் பக்கத்தில் ரெயில் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன? ஏற்காட்டு மலையில் இருக்கும் எங்களுக்கு அதனால் என்ன?" என்று கேட்கலாம்.

நிறைய இருக்கிறது. பார்ப்போம்.

மூன்று கண்ணிகள்

ஏற்காடு ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகளில் வெள்ளக்கடையும் ஒன்று. சேர்வராயன் மலையில், காபியும் மிளகும் விளைகிற பூமி.

நீலகிரி மலைக்கு ரெயில் உண்டு. 1899-ம் ஆண்டு குன்னூருக்கும், 1908-ம் ஆண்டு ஊட்டிக்கும் மலை ரெயில் போய்விட்டது. சேர்வராயன் மலைக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. இங்கே எல்லாம் பஸ்தான்.

மலையில் இருந்து சென்னை போகும் வழியை ஒரு சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன.

முதல் கண்ணி, மலை இறங்குவது. ஏற்காட்டில் இருந்து சேலத்துக்குச் சுமார் 30 கிலோ மீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

இரண்டாவது கண்ணி, சேலத்தில் இருந்து சென்னையின் எல்லை வரை. 300 கிலோ மீட்டருக்கு மேல். நல்ல சாலை. இரவில் ஏறினால் விடியும்போது இறங்கலாம்.

மூன்றாவது கண்ணி, சென்னையின் எல்லையில் இருந்து நகரத்துக்குள். இதுவும் சுமார் 30 கிலோ மீட்டர்.

முதல் கண்ணியும் மூன்றாவது கண்ணியும் ஏறக்குறைய ஒரே நீளம்! ஒன்றில் மலை வளைவு. மற்றொன்றில் மோட்டார் நெரிசல். நடுவில் உள்ள பெரிய கண்ணி பலமாக இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் உள்ள சின்னக் கண்ணிகள்தான் ஆளைப் படுத்துகின்றன.

ஏற்காடு போகாத ஏற்காடு எக்ஸ்பிரஸ்

"சேலத்தில் ரெயில் ஏறினால் சென்னை சென்டிரலில் போய் இறங்கலாமே! பஸ் எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

தென்னாட்டின் முதல் ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை மாதம் சென்னை ராயபுரத்தில் இருந்து புறப்பட்டது. அந்தப் பாதை மேற்கே வளர்ந்து வளர்ந்து 1861-ம் ஆண்டு சேலத்தைத் தொட்டது. ஆகவே, சேலத்துக்கு ரெயில் வந்து 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

ஈரோட்டுக்கும் சென்னை சென்டிரலுக்கும் இடையே இரவில் ஓடும் ஒரு ரெயிலுக்கு "ஏற்காடு எக்ஸ்பிரஸ்" என்றே பெயர். பெயரில்தான் ஏற்காடு. அது ஏற்காடு போகாது! சேலம் ஜங்ஷனில் நின்றுவிட்டுப் போய்விடும். மலை ஏறுவது உங்கள் பாடு.

சேலம் டவுன் நிலையம் வழியாக, ஆத்தூர், விருத்தாசலம் என்று சுற்றிக்கொண்டு எழும்பூர் போகும் ரெயிலும் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் மலை மக்களில் பலர் பஸ்ஸைத்தான் தேடுகிறார்கள். ஏன்?

காரணம் இரண்டு. ரெயிலில் படுக்கை வேண்டும் என்றால் நாள் கணக்கில் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். பொங்கல், தீபாவளி என்றால் மாதக் கணக்கு. திடீரென்று ஒருவருக்கு உடம்பு சரியில்லை. நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றால், பதிவு எங்கே செய்வது? பஸ் நிலையத்துக்குப் போனால் ஏதாவது ஒரு பஸ்ஸில் இடம் கிடைக்கும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. மலையில் இருந்து வரும் பஸ், சேலம் புதிய பஸ் நிலையத்தில் நிற்கிறது. சென்னை பஸ்ஸும் அதே நிலையத்தில் இருந்துதான் புறப்படுகிறது. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறிவிடலாம். ரெயில் வேண்டும் என்றால், சில கிலோ மீட்டர் தள்ளி சூரமங்கலத்தில் இருக்கும் ஜங்ஷனுக்கு இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

கவனியுங்கள். இங்கே ரெயில் தோற்பது வேகத்தில் அல்ல; கட்டணத்திலும் அல்ல. மாறி ஏறும் வசதியில் தோற்கிறது.

மாறி ஏறும் இடம் எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் மனிதர் பிரயாணம் செய்வார். இதை மனதில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போவோம்.

நகர்ந்துகொண்டே போகும் பஸ் நிலையம்

ஒரு காலத்தில் வெளியூர் பஸ்கள் சென்னையின் நடுவயிற்றுக்குள் போய் நின்றன. பாரிமுனையில், பிராட்வேயில் இறங்கலாம். கோட்டை ரெயில் நிலையமும் கடற்கரை ரெயில் நிலையமும் கூப்பிடு தூரம்.

ஊர் பெருத்தது. மோட்டார்கள் பெருகின. பிராட்வேயில் நிற்க இடம் இல்லை. 2002-ம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியூர் பஸ்களுக்குக் கோயம்பேட்டில் புதிய நிலையம் திறக்கப்பட்டது.

அப்போது அது ஊருக்கு வெளியே என்றார்கள். பத்து ஆண்டுகளில் கோயம்பேடும் ஊருக்கு நடுவே ஆகிவிட்டது. பண்டிகை நாட்களில் பெருங்களத்தூரில் இருந்து கோயம்பேடு போவதற்கே மணிக் கணக்கு ஆயிற்று.

மறுபடியும் இடமாற்றம். வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் சுமார் 88 ஏக்கரில், சுமார் 394 கோடி ரூபாய் செலவில் ஒரு பெரிய பஸ் நிலையம் எழுந்தது. 2019-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அடிக்கல். 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திறப்பு விழா. கலைஞர் நூற்றாண்டு பஸ் நிலையம் என்று பெயர்.

2024-ம் ஆண்டு ஜனவரி முடிவதற்குள், தெற்கே இருந்து வரும் வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் இங்கே வந்துவிட்டன.

பிராட்வேயில் இருந்து கோயம்பேடு. கோயம்பேட்டில் இருந்து கிளாம்பாக்கம். பஸ் நிலையம் ஒவ்வொரு முறை நகரும்போதும் மூன்றாவது கண்ணி நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

பஸ் நிலையத்தை வெளியே கொண்டுபோனது தவறா? தவறு அல்ல. நூற்றுக்கணக்கான பெரிய பஸ்கள் நகரத்துக்குள் புகுந்து திரும்பினால் அங்கே இருப்பவர்களும் வாழ முடியாது. பெரிய நகரங்கள் பல இப்படித்தான் செய்கின்றன. கேள்வி அது அல்ல.

வெளியே இறக்கிவிட்டவரை உள்ளே கொண்டுபோவது யார்? எப்போது? இதுதான் கேள்வி.

13 ஆண்டு தவம். 8 ஆண்டு வாழ்வு

கோயம்பேட்டின் கதை ஒரு பாடம்.

2002-ல் பஸ் நிலையம் திறந்தபோது பக்கத்தில் ரெயில் கிடையாது. இறங்கியவர்கள் டவுன் பஸ்ஸையும் ஆட்டோவையும் நம்பினார்கள். 2015-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதிதான் கோயம்பேடு-ஆலந்தூர் மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியது. பஸ் நிலையத்தின் வாசலிலேயே ஒரு மெட்ரோ நிலையம்! பிரயாணிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

ரெயிலுக்காகப் பஸ் நிலையம் 13 ஆண்டுகள் காத்திருந்தது. ரெயில் வந்த பிறகு எவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தன? எட்டரை ஆண்டுகள்தான். 2023 டிசம்பரில் பஸ்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளாம்பாக்கம் புறப்பட்டன.

அங்கே போனால் மறுபடியும் பழைய கதை. மெட்ரோ ரெயில் 2016-ம் ஆண்டு விமான நிலையம் வரை வந்து நின்றது. அங்கிருந்து கிளாம்பாக்கத்துக்கு 15 கிலோ மீட்டருக்கு மேல் பாதை போட வேண்டும் என்பது திட்டம். அது பல ஆயிரம் கோடி ரூபாய் வேலை. பல ஆண்டு வேலை.

ஆனால் கிளாம்பாக்கத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. கோயம்பேட்டுக்கு இல்லாத அதிர்ஷ்டம். அங்கே புதிதாக ரெயில் பாதையே போட வேண்டியதில்லை. பாதை ஏற்கனவே இருந்தது!

1931-ல் வந்த மின்சாரம்

சென்னைக் கடற்கரையில் இருந்து தாம்பரம் வரை மின்சார ரெயில் 1931-ம் ஆண்டே வந்துவிட்டது. அப்போது அது சிறிய பாதை. பிறகு படிப்படியாக அகலப் பாதை ஆயிற்று. 2004-ம் ஆண்டு ஜூலை மாதம் கடைசிச் சிறிய பாதை மின்சார ரெயில் விடைபெற்றது.

தாம்பரத்துக்கு அப்பாலும் மின்சார ரெயில்கள் செங்கல்பட்டு வரை போகின்றன. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று நிலையங்கள்.

வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே, கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே இந்தப் பாதை போகிறது. நடுவில் இருப்பது ஜி.எஸ்.டி. சாலை மட்டுமே.

ஒரு நிலையம் கட்டி, சாலைக்கு மேலே ஒரு நடைபாலம் போட்டால் காரியம் முடிந்தது. அப்படி நடந்தால் மலைக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வெள்ளக்கடையில் ஒரு குடும்பம். பெரியவருக்கு நெஞ்சு நோய். சென்னை அரசு பொது ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மகனும் மருமகளும் அவரை அழைத்துக்கொண்டு இரவு சேலத்தில் பஸ் ஏறுகிறார்கள். விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார்கள்.

எதிரே மின்சார ரெயில் நின்றால், பாலத்தைத் தாண்டி ஒரே ரெயிலில் ஏறலாம். பார்க் நிலையத்தில் இறங்கலாம். பொது ஆஸ்பத்திரி அதை ஒட்டியே இருக்கிறது. ஆட்டோவும் வேண்டாம், நடுவில் இறங்கி ஏறவும் வேண்டாம்.

தாம்பரம் சானடோரியத்தில் இறங்கினால் அரசு நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியும், தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அருகிலேயே இருக்கின்றன. எழும்பூரில் இறங்கினால் குழந்தைகள் ஆஸ்பத்திரி பக்கம். பரீட்சை எழுத வரும் பிள்ளைகளுக்குக் கிண்டியும் சைதாப்பேட்டையும் இதே பாதையில்தான்.

மின்சார ரெயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். நாட்டிலேயே மலிவான வாகனங்களில் அது ஒன்று.

ஒரு சின்ன நிலையம். அதற்குள் எத்தனை குடும்பத்தின் காசும் காலமும் அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

முதலில் வந்தது எது?

நடந்தது என்ன? தேதிகளை வரிசையாக வைத்தால் விஷயம் தானே விளங்கும்.

2019 பிப்ரவரியில் பஸ் நிலையத்துக்கு அடிக்கல். 2023 டிசம்பரில் திறப்பு. இடையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளில் எதிரே ரெயில் நிலையம் எழவில்லை. அதற்கு வேலை தொடங்கியது 2024-ம் ஆண்டின் ஆரம்பத்தில்தான். பஸ்கள் வந்து சேர்ந்த பிறகு!

பணம் இல்லையா? ரெயில் நிலையத்துக்கு ஆன மதிப்பீடு சுமார் 20 கோடி ரூபாய். பஸ் நிலையத்துக்கு ஆன செலவில் இருபதில் ஒரு பங்கு. அந்தப் பணத்தையும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ரெயில்வேக்குக் கட்டிவிட்டது.

சாலைக்கு மேலே சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு நடைபாலம் போடத் திட்டம். அதற்கு மறுபுறம் கொஞ்சம் நிலம் எடுக்க வேண்டியிருந்தது. அதிலும் தாமதம்.

2025-ம் ஆண்டு பாதி கழிந்த பின்னும் அங்கே ரெயில் நிற்கத் தொடங்கவில்லை. பஸ் நிலையம் திறந்து ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது.

அந்த ஒன்றரை ஆண்டும் வெளியூர்ப் பிரயாணி என்ன செய்தார்? டவுன் பஸ் ஏறித் தாம்பரத்திலோ, வேறு நிலையத்திலோ இறங்கினார். அங்கே மின்சார ரெயில் பிடித்தார். அல்லது ஆட்டோவில் பேரம் பேசினார். எதிரே தண்டவாளத்தில் மின்சார ரெயில் போய்க்கொண்டே இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. ஏறத்தான் முடியவில்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதுதான் இது.

நாலு வீடு, நாலு பூட்டு

ஏன் இப்படி ஆகிறது? யாரோ ஒருவர் சோம்பேறி என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் உண்மைக் காரணம் வேறு.

மின்சார ரெயில் மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தது. வெளியூர் பஸ்ஸும் டவுன் பஸ்ஸும் மாநில அரசாங்கத்தின் தனித்தனிக் கழகங்களைச் சேர்ந்தவை. பஸ் நிலையத்தைக் கட்டுவது பெருநகர வளர்ச்சிக் குழுமம். மெட்ரோ ரெயில், இரண்டு அரசாங்கங்களும் பங்கு போட்டு நடத்தும் தனிக் கம்பெனி. நெடுஞ்சாலைக்குக் குறுக்கே பாலம் போட வேண்டுமானால் அதற்கு வேறு இலாகாவின் அனுமதி.

ஒரே தெருவில் நாலு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பூட்டு. பிரயாணி நாலு வீட்டையும் தாண்டிப் போக வேண்டும். ஆனால் நாலு சாவியும் ஒருவர் கையில் இல்லை.

ஒவ்வொருவரும் தம் வேலையை ஒழுங்காகச் செய்தாலும், நடுவில் உள்ள இடம் யாருடையதும் அல்ல. பஸ்ஸில் இருந்து ரெயிலுக்கு நடக்கும் அந்த 400 மீட்டருக்குச் சொந்தக்காரர் யார்? அதுதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

இதைத் தீர்க்க வேண்டும் என்று 2010-ம் ஆண்டே ஒரு சட்டம் வந்தது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஓர் அமைப்பு. பஸ், மின்சார ரெயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பது அதன் வேலை. ஆனால் அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022-ம் ஆண்டில்தான்! சட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே 12 ஆண்டுகள்.

அந்தக் குழுமம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2025-ம் ஆண்டு செப்டம்பரில் "சென்னை ஒன்" என்ற செல்போன் செயலி வந்தது. டவுன் பஸ், மின்சார ரெயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க அது வழி செய்கிறது. பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் டிக்கெட் ஒன்றாகிவிட்டால் போதாது. படியும் பாலமும் ஒன்றாக வேண்டும். செல்போன் இல்லாத பாட்டியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

பரங்கிமலை சொல்லும் இரண்டு பாடங்கள்

இதே பாதையில் உள்ள பரங்கிமலை நிலையத்தைப் பாருங்கள். 1931-ல் மின்சார ரெயில் நின்ற சிறிய நிலையம் அது. 2016-ம் ஆண்டு அக்டோபரில் அதன் பக்கத்திலேயே மெட்ரோ நிலையமும் திறந்தது. செங்கல்பட்டில் இருந்து மின்சார ரெயிலில் வருகிறவர் அங்கே இறங்கி, மெட்ரோவில் ஏறி வடபழனிக்கும் கோயம்பேட்டுக்கும் போகலாம். சேர்த்துக் கட்டினால் சின்ன நிலையமும் பெரிய நிலையம் ஆகும். இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. கடற்கரையில் இருந்து மயிலாப்பூர் வழியாகப் போகும் பறக்கும் ரெயில் 2007-ம் ஆண்டு வேளச்சேரியை எட்டியது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோ மீட்டர். 2008-ல் வேலை தொடங்கியது. சுமார் அரை கிலோ மீட்டர் நிலத்தில் வழக்கு வந்து ஆண்டுக் கணக்கில் நின்றது. 2024 ஜனவரியில் ஆதம்பாக்கம் அருகே பாலத்தின் ஒரு பகுதி சரிந்தும் விழுந்தது. அந்த ஆண்டு முடியும் வரை அந்த 5 கிலோ மீட்டரில் ரெயில் ஓடவில்லை. 16 ஆண்டுகள்!

பெரிய பாதையைப் போட்டுவிடுகிறார்கள். இணைக்கும் துண்டில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது.

மலை நாடு ஒன்றின் வழி

வேறு வழி உண்டா? உண்டு. அதையும் ஒரு மலை நாடுதான் காட்டுகிறது.

சுவிட்சர்லாந்து சின்ன நாடு. எங்கு பார்த்தாலும் மலை. மலைக் கிராமங்களுக்கு மஞ்சள் நிறத்தில் தபால் பஸ் போகிறது. ஒரு காலத்தில் தபால் மூட்டையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிய பஸ். அதனால் அந்தப் பெயர்.

1987-ம் ஆண்டு அந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு ரெயில் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். 2004-ம் ஆண்டு டிசம்பரில் அதன் முக்கியக் கட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் கணக்கு எளிமையானது.

பெரிய நிலையங்களுக்கு நாலா பக்கத்து ரெயில்களும் மணி அடிப்பதற்குச் சில நிமிஷம் முன்னால் வந்து சேர வேண்டும். மணி அடித்துச் சில நிமிஷத்தில் புறப்பட வேண்டும். மலை பஸ்ஸும் அந்த நேரத்துக்கு ஏற்றபடியே வந்து போகும்.

அங்கே ரெயில்காரர்கள் "எவ்வளவு வேகமாக ஓட்டலாம்?" என்று மட்டும் யோசிக்கவில்லை. "மாறி ஏறுகிறவருக்கு நேரம் இருக்கிறதா?" என்று யோசித்தார்கள். மலைக் கிராமத்துப் பாட்டியும் ஒரு கைக்கடிகாரத்தை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பலாம்.

நம் நாட்டில் ஜனத்தொகை அதிகம், நெரிசல் அதிகம். அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாம் அல்லவா? அதற்குப் பணம் செலவில்லை.

டவுன் பஸ் போதாதா?

"கிளாம்பாக்கத்தில் டவுன் பஸ்கள்தான் நிறைய ஓடுகின்றனவே, ரெயில் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள்.

டவுன் பஸ்கள் ஓடுவது உண்மை. அவை இல்லாவிட்டால் நிலையமே நாறிப் போயிருக்கும். ஆனால் பண்டிகை முடிந்து திரும்பும் காலையை நினைத்துப் பாருங்கள். அடுத்தடுத்து வெளியூர் பஸ்கள் வந்து ஆட்களைக் கொட்டுகின்றன. ஒரு டவுன் பஸ்ஸில் எத்தனை பேர் ஏறலாம்? நின்றுகொண்டு வந்தாலும் நூறு பேருக்குள். ஒரு மின்சார ரெயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் போகலாம். அதற்குச் சாலை நெரிசலும் கிடையாது. சிவப்பு விளக்கும் கிடையாது.

பஸ் வேண்டும், ரெயிலும் வேண்டும். வலக்கை இருக்கிறதே என்று இடக்கையை வெட்டிக்கொள்கிறவர் உண்டா?

பார்க்க வேண்டியவை ஐந்து

நிலையம் ஒன்றைக் கட்டி, பெயர்ப் பலகை வைத்து, ரிப்பன் வெட்டிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. ஒரு நிலையம் நல்ல நிலையமா என்று எந்தத் தாய்மாரும் பரீட்சை வைத்துப் பார்க்கலாம். கேள்விகள் ஐந்துதான்.

ஒன்று, நடை. பஸ் படியில் இருந்து ரெயில் படி வரை, மூட்டையோடு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்? மழை பெய்தால் நனையாமல் போகலாமா? முழங்கால் வலிக்காரருக்கு லிப்டு உண்டா?

இரண்டு, நேரம். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு ரெயில் நிற்கும்? கடற்கரையில் இருந்து வரும் மின்சார ரெயில்களில் பல, தாம்பரத்தோடு திரும்பிவிடுகின்றன. செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. நிலையம் இருந்து ரெயில் இல்லாவிட்டால், கிணறு இருந்து தண்ணீர் இல்லாத கதைதான்.

மூன்று, இரவு. நள்ளிரவுக்குப் பிறகு சில மணி நேரம் மின்சார ரெயில் ஓடாது. வெளியூர் பஸ்ஸோ எந்த நேரமும் வரும். அந்த நேரத்தில் இறங்கும் பெண்கள் விடியும் வரை பயமின்றி உட்கார இடம் உண்டா? விளக்கு உண்டா? காவல் உண்டா? கழிப்பிடம் உண்டா?

நான்கு, வழிகாட்டி. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி, பெரிய தமிழ் எழுத்தில், "ரெயில் இந்தப் பக்கம்" என்று அம்புக்குறி போட்ட பலகை இருக்கிறதா?

ஐந்து, திரும்பும் வழி. நகரத்தில் இருந்து ரெயிலில் வந்து இறங்குபவருக்குச் சேலம் பஸ் எந்த மேடையில், எத்தனை மணிக்கு என்று ரெயில் நிலையத்திலேயே தெரிகிறதா? போவதற்கு மட்டும் வழி இருந்தால் போதுமா? வீடு திரும்ப வேண்டாமா?

இந்த ஐந்துக்கும் "ஆம்" என்று பதில் வந்தால்தான் அது நிலையம். இல்லாவிட்டால் வெறும் மேடை.

சேலத்துக்கும் இதே கேள்வி

இவ்வளவும் சென்னையின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். சேலத்திலும் இதே கேள்வி இருக்கிறது.

2007-ம் ஆண்டு நவம்பர் முதல் சேலம், ரெயில்வேயில் ஒரு கோட்டத்தின் தலைநகர். பெரிய ஜங்ஷன். ஊருக்கு நடுவே சேலம் டவுன் நிலையமும் இருக்கிறது. இருந்தும், ஏற்காட்டு மலையில் இருந்து இறங்கும் பஸ் ஒரு பக்கம். ரெயில் இன்னொரு பக்கம். இரவு எக்ஸ்பிரசைப் பிடிக்க வேண்டிய நேரத்துக்கு மலையில் இருந்து ஒரு பஸ் நேராக ஜங்ஷன் வாசலுக்கு வந்தால், எத்தனை பேருக்குச் சௌகரியம்! விடியற்காலை வரும் ரெயிலுக்குக் காத்திருந்து ஒரு பஸ் மலை ஏறினால், அது இன்னும் சௌகரியம்.

இதற்கு மலையைக் குடைய வேண்டாம். தண்டவாளம் போட வேண்டாம். கோடி ரூபாயும் வேண்டாம். பஸ் கழகத்தின் நேர அட்டவணையையும் ரெயில்வேயின் நேர அட்டவணையையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்படி ஒரு பஸ் ஓடினால், மலைக்குப் போகாத ஏற்காடு எக்ஸ்பிரசும் பாதி தூரமாவது பெயருக்கு ஏற்ற ரெயில் ஆகிவிடும்.

பெரிய திட்டங்களுக்குக் கல்வெட்டு உண்டு. அதில் பெயர்கள் இருக்கும். பஸ்ஸையும் ரெயிலையும் சேர்க்கும் சின்ன நடைபாலத்துக்குக் கல்வெட்டில் இடம் கிடைப்பது அரிது. ஆனால், விடியற்காலையில் நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு இறங்குகிற குடும்பத்துக்கு, அந்த நடைபாலம்தான் முழுத் திட்டமும்.

அடுத்த முறை எங்கேயாவது புதிய பஸ் நிலையத்துக்கோ ரெயில் நிலையத்துக்கோ அடிக்கல் நாட்டினால், கட்டடம் எத்தனை மாடி என்று கேட்காதீர்கள். "இங்கே இறங்கினால் அடுத்த வண்டி எங்கே?" என்று கேளுங்கள். அந்தப் பதில் வந்த பிறகு கல்லை நாட்டட்டும்!